முதலில் குதிரையின் லத்தியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் நாளிதழில் கடலூர் சில்வர் பீச்சில் சவாரிக்கு நிற்கும் ஒரு குதிரையின் படம் வந்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிவு. சம்பாதிக்க மட்டும் குதிரை வேண்டும், தீனி போட மனசில்லை என்ற பொருளில் படத்துக்குக் கீழே இரண்டு வரி. அடுத்தடுத்த நாட்களில் வாசகர் கடிதங்கள் வந்தபடி இருந்தன. பறிமுதல் செய்யுங்கள், சவாரியைத் தடை செய்யுங்கள், உரிமையாளர் மேல் வழக்குப் போடுங்கள் என்று. வாயில்லா ஜீவனுக்காகப் பேச நாலு பேர் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் குதிரைக்குத் தீனி போடவில்லை என்பது உண்மையில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குதிரையையும் அதை வைத்திருக்கும் தம்பியையும் எனக்குத் தெரியும். காலையில் ஊறவைத்த கொள்ளும் கோதுமைத் தவிடும், சாயங்காலம் வெட்டுப்புல்லும் தன் சக்திக்குக் குறைவில்லாமல் போடுகிறவர். படம் வந்த மறுநாள் மனம் நொந்து என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, கொள்ளு விக்கிற விலையிலயும் நான் குறைச்சது கிடையாது. தின்னுது, ஆனா உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்றார். அதன் லத்தியை, அதாவது சாணியை, கொண்டுவரச் சொன்னேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஒரு கிராம் லத்திக்கு ஆயிரத்துக்கும் மேலே புழு முட்டை. அதே கொட்டகையில் கட்டியிருக்கும் அவருடைய இன்னொரு குதிரையின் லத்தியில் தேடித் தேடித்தான் ஒன்றிரண்டு முட்டை கண்ணில் பட்டது. இரண்டுக்கும் ஒரே தீனி. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே பூச்சி மருந்து.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கால்நடை ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் இல்லை. மாட்டுச் சாணி, ஆட்டுப் புழுக்கை, குதிரை லத்தி என்று கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தே என் சர்வீஸ் ஓடியது. அப்பா திருப்பாப்புலியூர் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். ரயில் வரும் நேரத்துக்கு வாசலில் வரிசையாக வண்டி நிற்கும். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், முதுநகர் வரை சவாரி. குதிரை இளைத்தால் வேப்பங்கொழுந்தை அரைத்து உப்புச் சேர்த்து உருண்டை பிடித்து வாயில் தள்ளுவார். குதிரைக்கு அது கசந்தது எனக்கு நன்றாகத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே போதும். புழுவுக்குக் கசந்ததா என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது ஜட்கா இல்லை. நாடு முழுக்கவே குதிரை குறைந்துகொண்டு வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 3.4 லட்சம்தான், 2012-இல் இருந்ததைவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. நம் பக்கம் மிச்சமிருப்பவை பெரும்பாலும் கடற்கரைச் சவாரிக் குதிரைகள், கல்யாணத்துக்குச் சாரட்டு இழுப்பவை, சுவாமி புறப்பாட்டுக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கும் போகிறவை, அப்புறம் ஆசைக்கு வளர்க்கும் சிலருடையவை. எண்ணிக்கை குறைவு என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. கோமாரி தடுப்பூசி முகாமுக்குக் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனால், "இதுக்கு அந்த நோயே வராதுப்பா" என்று திருப்பி அனுப்புவார்கள். அது சரிதான், கோமாரி குதிரைக்கு வராது. ஆனால் குதிரைக்கு வருவதைக் கேட்கவும் ஒரு நாள் வேண்டாமா?

குதிரையின் குடலில் குடியிருப்பவை பல வகை. கடலூர், புதுச்சேரி பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாவற்றையும் "பூச்சி" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் மருந்து கொடுக்கும்போது ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

வளர்ந்த குதிரையிடம் அதிகம் இருப்பது சிறு ஸ்ட்ராங்கைல் என்கிற வகை. மைக்ராஸ்கோப்பில் இதன் முட்டை நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டுக்குள்ளே செல்கள் திராட்சைக் கொத்து மாதிரி அடர்ந்து தெரியும். புல்லோடு வயிற்றுக்குள் போகும் இளம்புழு பெருங்குடலின் சுவருக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும். சில வாரத்தில் வெளியே வரலாம், வராமலும் போகலாம். இரண்டு வருஷத்துக்கு மேல்கூட அங்கேயே அசையாமல் கிடக்கும். அந்த நிலையில் அது முட்டை போடாது, அதனால் லத்திப் பரிசோதனையில் தெரியாது. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் பலவும் அதைத் தொடுவதில்லை. குடலின் உள்ளே இருக்கிற வளர்ந்த புழுக்களை மருந்து கொடுத்து வெளியேற்றினால், இடம் காலியானதை உணர்ந்தது போலச் சுவருக்குள் இருப்பவை கூட்டமாக வெளியே வருவதும் உண்டு. அப்படி ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்தால் குடல் புண்ணாகிவிடும். தண்ணீர் தண்ணீராகக் கழியும், அடிவயிற்றில் வீக்கம் கட்டும், சில நாளில் குதிரை எலும்பும் தோலுமாகும். இந்த நிலைக்குப் போனவற்றில், வைத்தியம் பார்த்தும் பாதிக்குப் பாதி பிழைப்பதில்லை. சாரட்டு இழுத்த ஒரு வெள்ளைக் குதிரைக்கு இப்படி ஆனபோது, கழிச்சலில் அரை அங்குலம்கூட இல்லாத சிவப்புப் புழுக்கள் நெளிவதை வெறுங்கண்ணாலேயே பார்த்தேன். "போன வாரம்தான் மருந்து கொடுத்தோம், மருந்துதான் கெடுத்துவிட்டது" என்று வீட்டார் புலம்பினார்கள். மருந்தைக் குறை சொல்லி என்ன பயன்? மழைக்காலம் முழுக்கக் குடலுக்குள் போய்ச் சேர்ந்த புழு அது.

அதைவிடப் பெரிய அண்ணன் ஒருவர் உண்டு, ரத்தப்புழு. அதன் இளம்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் ஏறி மாதக்கணக்கில் தங்கும். தமனி தடித்து உள்ளே ரத்தம் உறையும். அந்த உறைகட்டி நகர்ந்து குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றுபோனால், குதிரை தரையில் புரண்டு, தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்து, வியர்த்துக் கொட்டித் துடிக்கும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். வயிற்றுக்குள் எது நடந்தாலும் உள்ளேயேதான். அப்பா காலத்தில் "சூலை வந்து போச்சு" என்று சொன்ன குதிரைகளில் எத்தனை இதனால் போயினவோ.

இந்த ரத்தப்புழுவுக்குப் பயந்துதான் 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் டிரட்ஜ், லையான்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முறையைச் சொன்னார்கள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் மருந்து கொடுத்துவிடுவது. அந்தக் காலத்துக்கு அது அருமையான யோசனை. ரத்தப்புழு பல நாட்டுப் பண்ணைகளில் அநேகமாக ஒழிந்தே போனது. ஆனால் ஐம்பது அறுபது வருஷமாக அதே பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால் சிறு ஸ்ட்ராங்கைல் மருந்துக்குப் பழகிவிட்டது. ஃபென்பெண்டசோல் வகை மருந்து உலகின் பல பாகங்களில் அதன் மேல் சரியாக வேலை செய்வதில்லை. குட்டிகளின் உருண்டைப்புழு ஐவர்மெக்டினுக்குச் சாவதில்லை என்று 2002-இலேயே நெதர்லாந்திலிருந்து செய்தி வந்தது. அந்த ஐவர்மெக்டின் சாதாரண மருந்தில்லை. அதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காகவே 2015-இல் ஜப்பானியரான ஓமுரா, அயர்லாந்தில் பிறந்த கேம்பெல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்படிப்பட்ட மருந்தையும் வீணடிக்க முடியும். குதிரைப் புழுவுக்குக் கையிலிருப்பது மூன்று நான்கு வகை மருந்துதான், புதிதாக ஒரு வகை வந்து வெகுகாலம் ஆகிறது.

இதை நான் சொன்னால் வண்டிக்காரர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்கிறார்கள். "பள்ளிக்கூடத்துல பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் எல்லாப் புள்ளைங்களுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கறாங்களே, யாருக்குப் பூச்சி இருக்குன்னு பார்த்தா கொடுக்கறாங்க?" குழந்தைகளுக்குக் கொடுக்கட்டும், அது அவசியம். ஆனால் குழந்தை தான் கழித்த இடத்தில் முளைத்த புல்லை மறுபடி மேய்வதில்லை. குதிரை மேய்கிறது. மருந்துக்குத் தப்பிய புழுவின் முட்டை லத்தியில் விழுந்து, புல்லில் ஏறி, அதே குதிரைக்குள் திரும்பப் போகிறது. எல்லாக் குதிரைக்கும் அடிக்கடி மருந்து கொடுத்தால், தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசு மட்டும்தான் ஊரில் மிஞ்சும். மருந்துக்குச் சாகக்கூடிய புழுவும் கொஞ்சம் ஊரில் இருந்தால்தான் அவற்றோடு கலந்து இந்த வீரியம் நீர்த்துப்போகும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், "பூச்சியை வளர்க்கச் சொல்றீங்களா அண்ணே" என்று. ஒரு வகையில் ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன்.

யாருக்கு மருந்து, யாருக்கு வேண்டாம் என்பதை லத்தி சொல்லும். பல நாடுகளில் எண்ணிப் பார்த்த கணக்கு இது: வளர்ந்த குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மொத்த முட்டையில் 80 சதவீதத்தைக் கொட்டுகிறது. மற்றவற்றின் உடம்பே புழுவை அடக்கி வைத்திருக்கிறது. கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழே என்றால் குறைவு, 500-ஐத் தாண்டினால் அதிகம் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. என்னிடம் வந்த தம்பியின் இரண்டு குதிரைகளும் இந்தக் கணக்கின் இரண்டு ஓரங்கள். குறைவாகக் கொட்டும் குதிரைக்கும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மருந்து வேண்டும், ரத்தப்புழுவை விட்டுவைக்கக் கூடாது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேண்டியதில்லை. மிச்சமாகும் காசைக் கொள்ளுக்குப் போடலாம்.

எண்ணுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூன்று கிராம் லத்தியை 42 மில்லி உப்புக் கரைசலில் கரைத்து டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும். கரைசல் என்றால் இனிமேல் உப்புக் கரையாது என்கிற அளவுக்குக் கல்லுப்புப் போட்ட தண்ணீர். நான் மரக்காணத்து உப்புதான் போடுகிறேன். உப்புத் தண்ணீரின் கனத்தில் முட்டை மேலே மிதந்து வரும். மெக்மாஸ்டர் ஸ்லைடு என்று கோடு போட்ட இரட்டை அறைக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் ஊற்றிச் சில நிமிஷம் விட்டு, இரண்டு அறையிலும் கோட்டுக்குள் இருக்கும் முட்டையை எண்ணி ஐம்பதால் பெருக்கினால் முடிந்தது. ரொம்ப நேரம் விட்டால் உப்புப் படிகம் பூத்து எதுவும் தெரியாது. இதற்குத் தேவை சாதாரண மைக்ராஸ்கோப், பொறுமையான ஒரு ஆள். மருந்து கொடுத்த 14-ஆம் நாள் மறுபடி எண்ண வேண்டும். ஐவர்மெக்டின் கொடுத்திருந்தால் முட்டை அநேகமாகக் காணாமல் போயிருக்க வேண்டும். மற்ற மருந்தானால் பத்தில் ஒன்பது பங்காவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் மருந்து செத்துவிட்டது, அல்லது அளவு பற்றவில்லை.

அளவு விஷயம் தனிக் கதை. குதிரைக்கான பூச்சி மருந்துப் பேஸ்ட் வாங்கினால் அதன் குழலில் எடைக்குத் தக்க கோடு போட்டிருக்கும். நம் ஆட்கள் அதைக் கண்மதிப்பில் இரண்டு குதிரைக்குப் பங்கு வைக்கிறார்கள். இன்னும் சிலர் மாட்டுக்கான பெரிய மாத்திரையைப் பொடித்து வெல்லத்தோடு தவிட்டில் கலக்கிறார்கள். குதிரைக்கு மூக்கு கெட்டி. வெல்லத்தை நக்கிவிட்டு மருந்துப் பொடியை வாளியின் அடியில் அப்படியே விட்டுவிடும். எடை தெரியவில்லை என்றால் ஒரு தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். 150 சுற்றளவு, 140 நீளம் உள்ள நாட்டுக்குதிரை சுமார் 265 கிலோ. கண்ணால் பார்த்து இருநூறு என்பார்கள். அந்த அறுபத்தைந்து கிலோ வித்தியாசத்தில்தான் புழு பிழைத்துக்கொள்கிறது.

மாட்டுக்கு ஊசி போட வந்த ஒருவர், பேஸ்ட் எல்லாம் எதற்கு என்று மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியையே ஒரு குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் கழுத்து வீங்கிக் குதிரை தலையைக் குனியவே முடியவில்லை. வீங்கிய இடம் சீழ் கட்டி, கல்யாண சீசன் முழுக்க வண்டியில் பூட்ட முடியாமல் போனது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான். அந்த ஊசி குதிரைக்கு உரியதில்லை. ஊசி போட்ட இடத்தில் கிருமி பெருகிச் சதை அழுகி உயிரே போகும் ஆபத்து அதில் உண்டு. வாய்வழி மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு?

குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குட்டியின் வயிற்றில் இருப்பது உருண்டைப்புழு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வெள்ளையாக, கட்டை விரலில் பாதி தடிமன் இருக்கும். முட்டையின் மேல்தோல் பிசுபிசுப்பாக இருப்பதால் தாயின் மடி, லாயச் சுவர், வாளி என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளே போனால் ஈரல், நுரையீரல் வழியாகச் சுற்றிவிட்டுத்தான் குடலுக்கு வரும். அதனால்தான் குட்டிக்கு இருமல். வயிறு மட்டும் பானையாய் உப்பி, முடி பரட்டையாகி நிற்கும் குட்டியைப் பார்த்தவுடன் கடுமையான மருந்தை முழு அளவில் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் புழு எல்லாம் ஒரே சமயத்தில் மரத்துப்போய்ச் சிறுகுடலை அடைத்துவிடும். சந்தையில் ஆசையாக வாங்கி வந்த குட்டி ஒன்று, மருந்து கொடுத்த மறுநாளே வயிற்றுவலியில் புரண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். பிரேதப் பரிசோதனையில் சிறுகுடலின் ஒரு முழ நீளத்துக்குப் புழு முறுக்கிக்கொண்டு கிடந்தது. எதை, எந்த அளவில், எத்தனை மாதத்தில் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடைக் கவுண்டரில் கேட்டு வாங்கிக் கொடுக்கிற விஷயமில்லை இது.

வாலைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டிப்போன குதிரைக்கு ஊசிப்புழு இருக்கலாம். அது வெளியே வந்து வால் அடியில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், அதுதான் அரிப்பு. லத்தியில் கிடைக்காது, செல்லோடேப்பை ஒட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றுவதற்கு முன்னால் ஒரு துண்டு டேப். நாடாப்புழுவும் உண்டு, அதுவும் லத்தியில் சிக்குவது அபூர்வம்.

சரி, மருந்தைவிட முக்கியமானதற்கு வருகிறேன். நம் ஊரின் மழையும் நம் கல்யாண மாதங்களும் சேர்ந்து குதிரைக்கு ஒரு வேலை செய்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஈரமும் இதமான சூடும் இருந்தால் லத்தியில் விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரத்துக்குள் நோய் தரும் இளம்புழுவாகிப் புல் நுனிக்கு ஏறிவிடும். அடுத்து வருவது மார்கழி. முகூர்த்தம் கிடையாது, சாரட்டுக்கு வேலை கிடையாது. வருமானம் இல்லாத மாதத்தில் கொள்ளைக் குறைத்துவிட்டுக் கெடிலக் கரையிலும் காலி மனையிலும் குதிரையை மேய விடுவார்கள். புழுவுக்கு எது நல்ல காலமோ அந்த நேரமாகப் பார்த்துத்தான் குதிரை புல்லுக்குப் போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் வடிந்த இடமெல்லாம் புல் மண்டிக் கிடந்தது நினைவிருக்கலாம். மேய்ச்சலுக்குப் பஞ்சமில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அந்தப் புல்லைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கியது.

கத்திரி வெயில் நேர்மாறு. புல்லில் காத்திருக்கும் அந்த இளம்புழுவால் எதையும் தின்ன முடியாது. உடம்பில் இருக்கும் சேமிப்பை வைத்தே உயிர் வாழ வேண்டும். வெயிலில் அது சீக்கிரம் தீர்ந்து செத்துவிடும். எனவே லத்தியைக் கலைத்துப் பரப்ப வேண்டும் என்றால் சித்திரை, வைகாசியில் பரப்புங்கள். மழைக்காலத்தில் பரப்புவது விதைப்பதற்குச் சமம்.

இன்னொன்று, கயிறு. அவிழ்த்து விட்ட குதிரை தான் லத்தி போட்ட இடத்தை ஒட்டி மேயாது, அதற்கு அந்த அறிவு உண்டு. ஒரு மூலையில் லத்தி போட்டு, இன்னொரு பக்கம் மேயும். நாம் முளையடித்துப் பத்தடிக் கயிற்றில் கட்டிவிடுகிறோம். முதல் நாள் ஒதுக்கிய புல்லை மூன்றாம் நாள் பசிக்குத் தின்கிறது. முளையைத் தினமும் மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது லத்தியை அள்ளிவிடுங்கள். மருந்தைவிட அதில் பலன் அதிகம். காலி மனையில் குதிரைக்குப் பின்னால் மாட்டை மேய விட்டால் இன்னும் நல்லது. குதிரையின் ஸ்ட்ராங்கைல் மாட்டுக்குள் போனால் பிழைக்காது, மாடு மேய்ந்தே அதைத் தீர்த்துவிடும். அள்ளிய லத்தியைப் பச்சையாகக் கொண்டுபோய்த் தீவனப்புல் பாத்தியில் கொட்டி, அந்தப் புல்லையே அறுத்துக் குதிரைக்குப் போடும் வீடுகளை நெல்லிக்குப்பம் பக்கம் பார்த்திருக்கிறேன். குவித்து மக்க விடுங்கள். குவியலின் உள்ளே கைவைக்க முடியாத சூடு வரும், அதில் முட்டையும் இளம்புழுவும் செத்துவிடும். ஓரத்தில் இருப்பதை உள்ளே தள்ளிப் புரட்டிக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். பீச்சில் குதிரை ஏறும் குழந்தைக்கு இந்தப் புழுக்கள் தொற்றாது.

படம் எடுத்துப் போட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பட்டினி போடுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். கடைவாய்ப்பல் கூர்த்து மெல்ல முடியாமல் இளைப்பதும் உண்டு. இந்தக் குதிரைக்கு மருத்துவர் வாயைத் திறந்து பல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினார். பதினான்காம் நாள் எண்ணியபோது முட்டை அநேகமாக இல்லை. விலா மூட இன்னும் மாதங்கள் ஆகும். குதிரையைப் பறிமுதல் செய்து வேறொரு கொட்டகையில் கட்டியிருந்தால், வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதான் அங்கே போயிருக்கும்.

கேட்பது இவ்வளவுதான். மாட்டுச் சாணிப் பரிசோதனை அரசு கால்நடை மருத்துவமனைகளில் ஏற்கெனவே நடக்கிறது. அதே மேஜையில் ஒரு மெக்மாஸ்டர் ஸ்லைடை வைத்துக் குதிரை லத்தியையும் எண்ணிக் கொடுக்க கால்நடைப் பராமரிப்புத் துறை உத்தரவிட வேண்டும். புதுச்சேரியில் குரும்பாப்பேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு எண்ணிப் பழகக் கடலூர், புதுச்சேரி கடற்கரைக் குதிரைகளைவிட வசதியான பாடம் கிடைக்காது. எல்லைக் கோட்டைக் காரணம் காட்டாமல் இரண்டு பக்கமும் சேர்ந்து, புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாளும் மழை விட்டபின் தை மாதத்தில் ஒரு நாளும் குதிரைகளுக்கென்று ஒதுக்கலாம். அன்றைக்கு மருந்து வினியோகம் வேண்டாம். எடை எடுத்து, பல் பார்த்து, லத்தியை எண்ணி, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும். யாருக்கு மருந்து என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குதிரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லத்தியை விடியற்காலையில் போட்ட சூடு ஆறுவதற்குள் எடுங்கள். தரையில் ஒட்டாத உருண்டையாகப் பார்த்து இரண்டு மூன்று. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். குதிரையின் பெயரையும் கடைசியாக என்ன மருந்து, எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் கவர் மேல் எழுதுங்கள். ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே மதியத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள். சைக்கிள் கேரியரில் வெயிலில் வைத்து ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் கொடுத்தால் முட்டை பொரியத் தொடங்கிவிடும், எண்ண முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வக உதவியாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.